குழந்தைகளுக்கு வரும் அபூர்வ ஹார்மோன், மரபணு நோய்கள்: சுங்கை சிப்புட் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் தாய்சேய் கிளினிக் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். கீழே இருப்பவை பெற்றோரும் பாட்டிமார்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டவை. இந்த நோய்கள் நம் ஊரில் அடிக்கடி வருவதில்லை. நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் இளம் டாக்டர் இவற்றைப் புத்தகத்தில் மட்டும் படித்தவராக இருக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் பிள்ளையின் நோயைப் பற்றி அந்த அறையில் அதிகம் தெரிந்த ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள். அதற்குத் தயாராக இருங்கள் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மருந்தின் அளவை மட்டும் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் நிபுணர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள்.

அபூர்வ நோய் என்றால் எவ்வளவு அபூர்வம்?

மலேசியாவில் 4,000 பேரில் ஒருவருக்கும் குறைவாக வருகிற, உயிருக்கு ஆபத்தான அல்லது வாழ்நாள் முழுக்கத் தொல்லை தருகிற நோயை அபூர்வ நோய் என்கிறார்கள். தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் அபூர்வம். ஆனால் இப்படி ஆயிரக்கணக்கான நோய்கள் இருப்பதால், எல்லாவற்றையும் சேர்த்தால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் நிறைய. கீழே சொல்லப்போகும் ஒன்றிரண்டு நோய்கள் இந்தக் கணக்குக்குச் சற்று வெளியே நிற்கும். ஊரில் யாரும் கேள்விப்படாதவை என்பதால் அவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

பிறந்தவுடன் தொப்புள்கொடி ரத்தம் எடுத்தார்களே, அதிலேயே எல்லாம் தெரிந்துவிடாதா?

தெரியாது. நம் அரசாங்க மருத்துவமனைகளில் அந்த ரத்தத்தில் வழக்கமாகப் பார்ப்பது இரண்டு. ஒன்று ஜி6பிடி குறைபாடு, அதாவது ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி குறைவாக இருப்பது. மற்றது பிறவித் தைராய்டு குறைபாடு. மற்ற நோய்களை அறிகுறி பார்த்துத்தான் பிடிக்க வேண்டும். "டெஸ்ட் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டார்கள்" என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எந்த டெஸ்ட் என்று கேளுங்கள்.

ஜி6பிடி குறைபாடு நம் நாட்டில் அபூர்வம் கிடையாது, ஆனால் மரபணு வழி வருவது. அந்தப் பிள்ளையின் துணி இருக்கும் அலமாரியில் அந்துருண்டை போடக் கூடாது. பழைய குழந்தைத் துணியை அந்துருண்டையோடு பெட்டியில் வைத்திருந்து அடுத்த பிள்ளைக்குப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். அந்த வாசனையே ரத்த அணுக்களை உடைத்து மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும்.

தைராய்டு குறைவு என்று கூப்பிட்டுச் சொன்னார்கள். பிள்ளை பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?

பிறந்த முதல் வாரங்களில் நன்றாகத்தான் இருக்கும். கர்ப்பத்தில் அம்மாவின் ஹார்மோன் கொஞ்சம் போயிருக்கும். அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தெரியும்: இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் மஞ்சள், மலச்சிக்கல், கரகரத்த அழுகை, பெரிய நாக்கு, பால் குடிக்கச் சோம்பல், எந்நேரமும் தூக்கம். "தொந்தரவே தராத தங்கமான பிள்ளை" என்று பாட்டி மெச்சும் பிள்ளைகளில் இதுவும் ஒன்றாக இருந்துவிடலாம். ஏறக்குறைய 2,000 முதல் 4,000 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. பெரும்பாலும் தைராய்டு சுரப்பி சரியாக உருவாகாமல் போவதுதான் காரணம்.

அறிகுறி தெரியும்வரை காத்திருந்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து தொடங்கினால் பிள்ளை மற்ற பிள்ளைகளைப் போலவே படிக்கும், ஓடும். ஆகவே கூப்பிட்ட அன்றே போங்கள்.

மருந்து தைராக்சின் மாத்திரை. தினமும் ஒரே நேரத்தில், பொடித்து, ஒரு கரண்டி தண்ணீரிலோ தாய்ப்பாலிலோ கலந்து கொடுக்க வேண்டும். பால் புட்டிக்குள் போட்டுவிடாதீர்கள். பிள்ளை பாதியில் நிறுத்தினால் மருந்தும் பாதிதான் போயிருக்கும். சோயா பால், இரும்புச்சத்து மருந்து, கால்சியம் ஆகியவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் உடம்பில் சரியாகச் சேராது. நேரம் தள்ளிக் கொடுங்கள். சில பிள்ளைகளுக்கு மூன்று வயதுக்குப் பிறகு டாக்டர் மருந்தை நிறுத்திப் பார்ப்பார். நிறுத்திப் பார்ப்பது அவர் வேலை, நம் வேலை இல்லை.

பிறந்து பத்து நாள் ஆகிறது. வாந்தி, பால் குடிக்க மறுக்கிறான், எடை குறைகிறது. பால் ஒத்துக்கொள்ளவில்லையா?

இந்தக் கேள்விக்கு நீளமாகவே பதில் சொல்கிறேன், ஏனென்றால் நேரம் குறைவாக இருப்பது இங்கேதான்.

வாந்திக்குப் பல காரணம் உண்டு. அவற்றில் ஒன்று பிறவி அட்ரீனல் சுரப்பிப் பெருக்கம். சி.ஏ.எச். என்று டாக்டர்கள் சொல்வார்கள். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் சின்னச் சுரப்பிதான் அட்ரீனல். அது கார்ட்டிசால் என்ற ஹார்மோனையும், உடம்பில் உப்பைப் பிடித்து வைக்கும் அல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. இந்த நோயில், பெரும்பாலும் 21-ஹைட்ராக்சிலேஸ் என்ற நொதி வேலை செய்யாததால், இரண்டும் போதவில்லை. அதற்குப் பதிலாக ஆண் ஹார்மோன் கூடிவிடுகிறது.

கடுமையான வகையில் பிறந்த ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் உப்பு சிறுநீரில் போய்க்கொண்டே இருக்கும். ரத்தத்தில் சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும். பிள்ளை துவண்டுவிடும். கவனிக்காவிட்டால் உயிர் போகும்.

பெண் குழந்தையாக இருந்தால் பிறப்புறுப்பில் வித்தியாசம் தெரிந்து டாக்டர்கள் அப்போதே உஷாராகிவிடுவார்கள். ஆண் குழந்தையிடம் வெளியே ஒன்றுமே தெரியாது. உறுப்பும் விதைப்பையும் சற்றுக் கறுத்திருக்கலாம், அவ்வளவுதான். அதனால்தான் ஆண் பிள்ளைகள் கண்டுபிடிக்கப்படாமலே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஏற்கெனவே அந்தக் குடும்பத்தில் ஒரு குழந்தை பத்துப் பதினைந்து நாளில் காரணம் தெரியாமல் இறந்திருந்தால், அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். வெட்கமோ துக்கமோ தடுக்க வேண்டாம். அந்த ஒரு தகவல் அடுத்த பிள்ளையைக் காப்பாற்றும்.

இன்னொன்று. முப்பது நாள் கழியும்வரை பிள்ளையை வெளியே எடுக்கக் கூடாது என்ற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆபத்தான அந்த இரண்டாவது, மூன்றாவது வாரம் சரியாக அதற்குள் வந்துவிடுகிறது. தாதிகள் வீட்டுக்கு வரும்போது எடை போடச் சொல்லுங்கள். பிறந்த எடையைப் பத்து, பதினான்கு நாளிலும் திரும்பத் தொடாத பிள்ளை, வாந்தியும் எடுத்தால், தீட்டு பார்க்காமல் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேட்பதில் தவறே இல்லை.

சி.ஏ.எச். என்று சொல்லி மருந்து கொடுத்துவிட்டார்கள். சாதாரணக் காய்ச்சலுக்கு என்ன செய்வது?

இந்தப் பிள்ளைக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று ஒன்று கிடையாது. நமக்குக் காய்ச்சல் வந்தால் நம் உடம்பு தானாகவே கார்ட்டிசாலைக் கூட்டிக்கொள்ளும். இந்தப் பிள்ளையின் உடம்பால் அது முடியாது. நாம்தான் மாத்திரையில் கூட்ட வேண்டும்.

வழக்கமாகச் சொல்லித் தரும் முறை இது: காய்ச்சல் 38 டிகிரியைத் தாண்டினால், கார்ட்டிசாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் ஹைட்ரோகார்ட்டிசோன் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், 39-ஐத் தாண்டினால் மூன்று மடங்கு. உப்பைப் பிடிக்கும் ஃப்ளூட்ரோகார்ட்டிசோனைக் கூட்டத் தேவையில்லை. மாத்திரை கொடுத்து அரை மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் திரும்பக் கொடுங்கள். மறுபடியும் வாந்தி எடுத்தால் வீட்டில் காத்திருக்காதீர்கள், ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசிதான். மூன்று வயதுக்குள் 25 மில்லிகிராம், மூன்றிலிருந்து பன்னிரண்டு வரை 50, அதற்கு மேல் 100 என்பது பரவலாகப் பின்பற்றும் அளவு. உங்கள் பிள்ளைக்கு எவ்வளவு என்று நிபுணரிடம் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொடையில் ஊசி போட அம்மா, அப்பா இருவரும் பழகிக்கொள்ள வேண்டும். அப்பா செம்பனைத் தோட்டத்தில் காலை வேலைக்குப் போய்விட்டால் அம்மா மட்டும்தானே வீட்டில் இருப்பார்.

அப்புறம் அவசரத் தாள். நிபுணரிடம் ஒரு பக்கக் கடிதம் கேளுங்கள்: நோயின் பெயர், தினசரி மருந்து, அவசரத்தில் எந்த ஊசி, எவ்வளவு, எந்த ரத்தப் பரிசோதனை, எந்த மருத்துவமனையை அழைக்க வேண்டும். மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கட்டும். பிளாஸ்டிக் உறையில் போட்டு ஒன்று பைக்குள், ஒன்று பாட்டி வீட்டில், ஒன்று கைப்பேசியில் படமாக. அவசரப் பிரிவுக்குள் போனதும் முதலில் அதைக் கையில் கொடுங்கள். "காய்ச்சல்" என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "அட்ரீனல் இன்சஃபிஷியன்சி, ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி உடனே வேண்டும்" என்ற வாக்கியத்தை மனப்பாடம் செய்துவைத்துக்கொள்ளுங்கள். அட்ரீனல் சுரப்பி போதுமான அளவு சுரக்கவில்லை என்பதுதான் அதன் பொருள். நான் பார்த்த தாய்மார்களில் படிக்கத் தெரியாதவர்கள்கூட இதைத் தெளிவாகச் சொல்லிப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

பல் பிடுங்குவது, அறுவை சிகிச்சை, கை கால் முறிவு, எல்லாவற்றுக்கும் இதே விதிதான். விரதம் வேண்டாம். தைப்பூசத்துக்குக் குடும்பமே விரதம் இருந்தாலும் இந்தப் பிள்ளை வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்கு மாத்திரை போட வேண்டும். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பெண்ணா ஆணா என்று உடனே சொல்ல முடியவில்லை என்கிறார்கள். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது?

"பிள்ளை நலமாக இருக்கிறது, ஹார்மோன் டெஸ்ட் முடிவுக்காகக் காத்திருக்கிறோம்" என்று சொல்லுங்கள். அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தர வேண்டியதில்லை. பெயர் வைப்பதையும் பிறப்புப் பதிவையும் டாக்டர் சொல்லும்வரை கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். சி.ஏ.எச். உள்ள பெண் குழந்தைக்கு உள்ளே கர்ப்பப்பையும் சினைப்பையும் சரியாகவே இருக்கும். மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்களின் பரிசோதனையும் ஸ்கேனும் பதில் சொல்லும். குழந்தையின் உடம்பை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தான் இப்படி ஆனதா?

சில நோய்களில் அதற்குப் பங்கு உண்டு, சிலவற்றில் துளியும் இல்லை.

நம் எல்லோரிடமும் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி இருக்கும், ஒரே பூட்டுக்கு இரண்டு சாவி மாதிரி. ஒன்று கெட்டாலும் மற்றது வேலை செய்யும், நமக்கு ஒன்றும் தெரியாது. அம்மா, அப்பா இருவருமே அதே மரபணுவில் ஒரு கெட்ட பிரதியைச் சுமந்து, பிள்ளைக்கு இரண்டும் போய்ச் சேர்ந்தால்தான் சி.ஏ.எச். போன்ற நோய் வருகிறது. ஒவ்வொரு கர்ப்பத்திலும் அந்த வாய்ப்பு நான்கில் ஒன்று. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்று பேர் தப்பித்தார்கள் என்று கணக்குப் போடக் கூடாது.

தாய்மாமனுக்கும் மருமகளுக்கும் மரபணுக்களில் நான்கில் ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. அதனால் ஒரே கெட்ட பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. உறவில்லாத தம்பதிகளுக்குப் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை இருக்கும். அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டிக்கொண்டால் அது ஏறக்குறைய இரு மடங்காகும். மலேசியாவின் 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணமுறிவுச் சட்டம் நெருங்கிய உறவில் திருமணத்தைத் தடை செய்தாலும், இந்து வழக்கப்படி அக்காள், தங்கை மகளைக் கட்டிக்கொள்வதற்கு விலக்குத் தந்திருக்கிறது. சட்டம் அனுமதிக்கிறது என்பதற்காக உடம்புக்குப் பாதுகாப்பு என்று ஆகிவிடாது. குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு நோய் இருந்தால், நிச்சயம் செய்வதற்கு முன்பே மரபணு ஆலோசகரைப் பார்த்துவிடுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

ஆனால் கீழே சொல்லப்போகும் டர்னர், பிராடர்-வில்லி போன்றவை பெரும்பாலும் தற்செயலாக நடப்பவை. அங்கே மாமியார் மருமகளைக் கைகாட்டுவதற்கு எந்த நியாயமும் இல்லை. கிரகணத்தன்று வெளியே போனது, பப்பாளி தின்றது, கர்ப்பத்தில் பால்மரம் சீவப் போனது எதுவும் காரணமில்லை.

ஒன்பது வயது மகள் வகுப்பிலேயே குட்டை. நாங்களும் குட்டைதானே என்று விட்டுவிடலாமா?

எவ்வளவு குட்டை என்பதைவிட, வருடத்துக்கு எவ்வளவு வளர்கிறாள் என்பதுதான் கேள்வி. நான்கு வயதுக்குப் பிறகு வருடத்துக்கு 4 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் காட்ட வேண்டும். கிளினிக்கில் கொடுத்த குழந்தை சுகாதாரப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், பழைய உயரங்கள் அதில்தான் இருக்கும்.

பெண் பிள்ளை என்றால் டர்னர் இருக்கிறதா என்று குரோமோசோம் பரிசோதனை செய்வார்கள். ஏறக்குறைய 2,000 முதல் 2,500 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு இரண்டாவது எக்ஸ் குரோமோசோம் முழுதாகவோ அதில் ஒரு பகுதியோ இருக்காது, அதுதான் டர்னர். பிறந்தபோது கை கால் வீங்கியிருந்தது, கழுத்தின் இரு பக்கமும் தோல் மடிப்பு ஆகியவை துப்பு. சில பேரிடம் குட்டையைத் தவிர வேறொன்றும் தெரியாது. இதயத்தையும் சிறுநீரகத்தையும் காதையும் கட்டாயம் பார்க்க வேண்டும். பெருந்தமனி குறுகலாக இருக்கலாம். வளர்ச்சி ஹார்மோன் ஊசியைச் சீக்கிரம் தொடங்கினால் உயரத்தில் பலன் கிடைக்கும். பதினொன்று, பன்னிரண்டு வயதில் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் தொடங்குவார்கள். அறிவு பொதுவாக நன்றாகவே இருக்கும், கணக்கில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்படலாம்.

பதினைந்து வயதாகியும் வயதுக்கு வரவில்லை என்று தோஷம் பார்க்கப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து ஒரு ரத்தப் பரிசோதனை செய்துவிட்டுப் போங்கள்.

ஏழு வயதிலேயே மார்பு வளர்கிறது. சடங்கு வைத்துவிடலாமா?

பெண்களுக்கு எட்டு வயதுக்கு முன்பும் ஆண்களுக்கு ஒன்பது வயதுக்கு முன்பும் பருவ மாற்றம் தொடங்கினால் அது முன்கூட்டிய பருவம். இடது கை எக்ஸ்ரே எடுத்து எலும்பின் வயதைப் பார்ப்பார்கள். எலும்பு சீக்கிரம் முதிர்ந்துவிட்டால் பிள்ளை முதலில் உயரமாகத் தெரிந்து பிறகு குட்டையாகவே நின்றுவிடும். பெண் பிள்ளைகளில் பெரும்பாலும் பெரிய காரணம் எதுவும் இருக்காது. ஆண் பிள்ளைகளில் மூளையில் கட்டியோ, கண்டுபிடிக்காத மென்மையான சி.ஏ.எச். வகையோ இருக்கும் வாய்ப்பு கூடுதல், ஆகவே தேடிப் பார்க்காமல் விடக் கூடாது. மாதம் ஒரு முறை அல்லது மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஊசி போட்டுப் பருவத்தை நிறுத்தி வைக்கலாம். ஊசியை நிறுத்தியதும் பருவம் தானாகத் தொடரும்.

சடங்கைப் பற்றி: ஏழு வயதுப் பிள்ளைக்கு மேடையும் மாலையும் வேண்டாம். அவள் இன்னும் குழந்தை.

மூன்று வயதுப் பிள்ளைக்குப் பசி அடங்கவே இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறானே, நல்லதுதானே?

கைக்குழந்தையாக இருந்தபோது எப்படி இருந்தான் என்று யோசித்துப் பாருங்கள். துணி மாதிரித் துவண்டு, பால் உறிஞ்சத் தெம்பில்லாமல் குழாய் வழியாகப் பால் கொடுத்திருந்தால், இப்போதைய பசி பிராடர்-வில்லியாக இருக்கலாம். அப்பாவிடமிருந்து வரும் 15-ஆவது குரோமோசோமின் ஒரு பகுதி வேலை செய்யாததால் வருகிறது. மூளையில் "போதும்" என்ற உணர்வே பிறப்பதில்லை. அது பேராசையோ வளர்ப்புக் குறையோ இல்லை. அடித்துத் திருத்த முடியாது.

சமையலறைக்குப் பூட்டு, சாப்பாட்டுக்கு நேரம், எல்லோருக்கும் ஒரே விதி. பாட்டி ரகசியமாக ஒரு முறுக்குக் கொடுத்தாலும் பிள்ளை நாள் முழுக்க இன்னொன்றுக்காகத் தவிக்கும். தீபாவளிக்கும் கோயில் அன்னதானத்துக்கும் முன்கூட்டியே என்ன, எவ்வளவு என்று பிள்ளையிடம் பேசிக்கொண்டு போங்கள். முக்கியமாக ஒன்று: இந்தப் பிள்ளைகள் எளிதில் வாந்தி எடுக்க மாட்டார்கள், வலியையும் குறைவாகவே சொல்வார்கள். திடீரென வயிறு உப்பி, சாப்பாடு வேண்டாம் என்றாலோ வாந்தி எடுத்தாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

ஆறு மாதத்துக்குள்ளேயே நீரிழிவு வருமா?

வரும், மிக அபூர்வம். ஆறு மாதத்துக்கு முன் வரும் நீரிழிவு பெரும்பாலும் ஒரே மரபணுவின் மாற்றத்தால் வருவது. மரபணுப் பரிசோதனை கேளுங்கள். இதில் ஒரு வகைக்குக் காரணமான கே.சி.என்.ஜே.11 மரபணு 2004-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த வகைப் பிள்ளைகளில் பலர் இன்சுலின் ஊசியை விட்டு கிளிபென்கிளமைடு மாத்திரைக்கு மாற முடிகிறது. ஒரு பரிசோதனைக்காக இவ்வளவு பெரிய பலன் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

இரவில் பலமுறை எழுந்து தண்ணீர் கேட்கிறான், படுக்கையையும் நனைக்கிறான்.

முதலில் சர்க்கரை, அன்றைக்கே. அது சரியாக இருந்தால் நீர்ப்போக்கு நோயா, அதாவது சர்க்கரை கூடாமலே சிறுநீர் மிக அதிகமாகப் போகும் நோயா என்று பார்ப்பார்கள். தண்ணீரை மட்டும் நிறுத்திவிடாதீர்கள், ஆபத்து.

எங்கே போவது? எவ்வளவு ஆகும்?

சுகாதாரக் கிளினிக்கிலோ சுங்கை சிப்புட் மருத்துவமனையிலோ ரெஃபர் லெட்டர் வாங்கி, ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைக் குழந்தைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து தேவைக்கேற்ப அனுப்புவார்கள். மரபணு நோய்க்குக் கோலாலம்பூர் துங்கு அசிசா மருத்துவமனை, குழந்தை ஹார்மோன் நோய்க்குப் புத்ராஜெயா மருத்துவமனை, மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையத்திலும் இரண்டும் உண்டு.

குடிமக்களுக்கு அரசாங்கக் கிளினிக்கில் ஒரு வெள்ளி (ரிங்கிட்), நிபுணர் கிளினிக்கில் ஐந்து வெள்ளி. உண்மையான செலவு கோலாலம்பூருக்குப் போய்வருவதும் அன்றைய கூலி இழப்பும்தான். விலை கூடிய மருந்துக்கும் பிறப்புப் பத்திரச் சிக்கலுக்கும் மருத்துவமனையிலேயே உள்ள மருத்துவச் சமூகநலப் பணியாளரைப் பார்க்கக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் அனுப்பி வைக்க மாட்டார்கள். ஓ.கே.யு. கார்டு, அதாவது மாற்றுத்திறனாளி அட்டை, நோயின் பெயரைப் பார்த்துக் கிடைப்பதில்லை, பிள்ளையின் இயலாமையைப் பார்த்துத்தான். படிப்பில் பின்தங்கியிருந்தால் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் விண்ணப்பிக்கலாம்.

நாட்டு மருந்து சேர்த்துக் கொடுக்கலாமா?

பெட்டிக்கடையிலும் பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் விற்கும் பெயர் தெரியாத ஜாமு (மலாய் நாட்டு மருந்து) மாத்திரைகள் வேண்டவே வேண்டாம். சிலவற்றில் டெக்சாமெதாசோன் என்ற ஸ்டீராய்டு கலந்திருப்பதாக நம் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. பசி கூடும், முகம் உப்பும், பிள்ளை தேறிவிட்டது போலத் தெரியும். அதைச் சாப்பிடும்போதே நல்ல அட்ரீனல் சுரப்பிகூடத் தூங்கிப்போய்விடும், அதனால் திடீரென்று நிறுத்தினால் ஆபத்தாகிவிடும். கோயிலில் நேர்ந்துகொள்ளுங்கள், மந்திரித்துக் கயிறு கட்டுங்கள், டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

பள்ளியில் சொன்னால் ஒதுக்கிவிடுவார்களோ?

வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் சொல்லுங்கள், எல்லோருக்கும் சொல்ல வேண்டாம். விளையாட்டுப் போட்டியன்று விழுந்து கை முறிந்தால் யாருக்கு ஃபோன் செய்வது, எந்தத் தாளை ஆம்புலன்ஸில் கொடுப்பது, இந்த இரண்டும் அவர்களுக்குத் தெரிந்தால் போதும்.

பிள்ளை பெரியவனான பிறகு?

பதினெட்டு வயதையொட்டிக் குழந்தைப் பிரிவு பெரியவர்கள் பிரிவுக்கு மாற்றிவிடும். பல பேர் காணாமல் போவது அப்போதுதான். பள்ளி முடித்ததும் பினாங்குக்கோ ஜொகூருக்கோ சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகிறார்கள், அம்மா எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரை நின்றுவிடுகிறது. பன்னிரண்டு வயதிலிருந்தே தன் நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் பிள்ளையே சொல்லப் பழக்குங்கள். டாக்டர் கேட்கும் கேள்விக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள். வெளியூருக்குப் பெட்டி கட்டும்போது புதிய ஊரில் எந்த மருத்துவமனையில் மருந்து எடுப்பது என்று தெரிந்து, கடிதத்தையும் இரண்டு மாத மாத்திரையையும் கையில் வாங்கிக்கொண்டு அனுப்புங்கள். கூட அறையில் தங்கும் நண்பன் ஒருவனுக்காவது அந்த அவசரத் தாள் எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.